ஆள் மாறும் வரை

எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தில் முழுச்சுவர் என்று சொல்லக்கூடியது அதிபருடைய அறைக்கு மட்டும்தான் இருந்தது. மற்றதெல்லாம் ஒரே நீள மண்டபம். இடுப்பளவு அரைச்சுவர், மேலே ஓடு, வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரு கரும்பலகை. பலகையின் இந்தப் பக்கம் நான் ஐந்தாம் வகுப்புக்குப் புலமைப்பரிசில் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். அந்தப் பக்கம் சறோஜினிதேவி ரீச்சரின் இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு கத்தும். அவர்களுடைய சத்தத்துக்கு மேலால் நான் கத்த வேண்டும். நடராசா மாஸ்ரருக்குத் தொண்டையும் கெட்டது, குணமும் கெட்டது என்று ஊரில் சொல்வார்கள். தொண்டைக்குக் காரணம் அந்த மண்டபம். குணம் பிறக்கும்போதே அப்படித்தான்.

மண்டபத்தின் மேற்குப் பக்கம் கடல். வெளிச்சமான நாளில் எழுவைதீவின் பனைகள் தெரியும். எண்பத்தாறாம் ஆண்டில் பனைகளை ஒருவரும் பார்க்கவில்லை. காரைநகர்ப் பக்கமிருந்து நேவிப் படகுகள் வருகின்றனவா, எங்கள் கரைக்குத் திரும்புகின்றனவா என்றுதான் பார்த்தோம். படகு தூரத்தில் நின்று சுடும். ஹெலிகொப்டர் தலைக்கு மேலே வந்து சுடும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பனங்குற்றி அடுக்கி ஒரு பதுங்கு குழி வெட்டியிருந்தோம். மழை பெய்தால் அதற்குள் தவளைதான் குடியிருக்கும்.

ஜெயவதனி இரண்டாம் வகுப்பில் கடல்பக்க மர வாங்கில் இருந்தாள். ஏழு வயது. இரட்டைப் பின்னல், எலும்பும் தோலுமான உடம்பு. 'அம்மா' என்று எழுதச் சொன்னால் முதல் எழுத்தின் சுழியைப் போட்டுவிட்டுத் தலையைத் திருப்பிவிடுவாள். ரீச்சர் கூப்பிட்டால் திரும்புவாள். அடுத்த கோட்டை இழுப்பாள். மறுபடியும் கடல். ஆண்டு பாதி போய்விட்டது, அவளுடைய கொப்பியில் முழுதாக எழுதிய ஒரு பக்கம் இல்லை.

இதில் எனக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். கரும்பலகையின் ஓரத்தால் அவளுடைய தலை என் வகுப்புக்குத் தெரியும். அவள் திரும்பினால் என் பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பினார்கள். நான் பின்னக் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன், கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

"ரீச்சர், உங்கட பிள்ளையை அங்கால இருத்துங்கோ. அவளால என்ர வகுப்பும் குட்டிச்சுவராப் போகுது" என்றேன் ஒருநாள்.

"இருத்தினால் மட்டும் சரி வருமோ மாஸ்ரர்?" என்றார் ரீச்சர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

அதிபர் பரமலிங்கம் தாயை அழைத்தார், முறைப்பாட்டுக்காரன் என்று என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். தாய் கமலாதேவி நல்ல சேலை உடுத்து, குடை பிடித்து வந்தாள். கணவன் ஐயாத்துரைக்குப் பதுளையில் பலசரக்குக் கடை இருந்தது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அதை எரித்தார்கள். எல்லாரும் கப்பலேறி ஊருக்கு வந்தார்கள். ஐயாத்துரை சும்மா இருக்க ஏலாமல் திரும்பப் போய் அதே தெருவில் பாதிக் கடையை வாடகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் தீவார் அப்படித்தான், கடை எரிந்த இடத்திலேயே திரும்பவும் தராசைக் கட்டுவார்கள்.

"நான் என்ன செய்யேல்லை சேர்?" என்றாள் கமலாதேவி. "விடிய வல்லாரைச் சம்பல் அரைச்சுக் குடுக்கிறன். பிள்ளையார் கோயில் ஐயரிட்ட நூல் கட்டுவிச்சனான். செத்தல் மிளகாய் சுத்தி அடுப்பில போட்டனான், ஒரு கமறலும் இல்லை, அவ்வளவு கண்ணூறு. புத்தியில்லாத பிள்ளை இல்லை சேர் இவள். எங்களைக் காப்பாத்தினவளே இவள்தான்."

அந்தக் கதையை ஊரில் எல்லாரும் கேட்டிருந்தோம். வீட்டுக்கு ஆர் போனாலும் தேத்தண்ணியோடு அதுவும் வரும். கலவரத்தில் தாயும் தகப்பனும் கடைக்கு மேலே சாமான் அடுக்கும் மச்சில் ஒளித்திருந்தார்கள். தகரத்தில் சின்ன ஓட்டை. பெரியவர்களின் முகம் அந்த மூலைக்குள் போகாது. நாலு வயதுப் பிள்ளையை அங்கே இருத்தி, "நீ பாத்துச் சொல்லு" என்றார்களாம். பிள்ளை இரவும் பகலும் பார்த்தது. "வருகினம்" என்று அது சொன்னபோது பின்பக்கத்தால் இறங்கி அடுத்த வளவுக்கு ஓடினார்கள். பிறகுதான் கடை எரிந்தது.

"அண்டைக்கு இவள் கண்ணை எடுத்திருந்தால் நாங்கள் மூண்டு பேரும் சாம்பல்" என்று தாய் மகளின் தலையைத் தடவினாள். மகள் அந்த நேரமும் அதிபரின் யன்னலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் அந்த யன்னலை ஒருமுறை பார்த்தேன்.

அதிபர் தன் வைத்தியத்தைச் செய்தார். அவளுடைய மேசையைத் தன் அறைச் சுவரைப் பார்த்தபடி திருப்பிப் போட்டார். போதாததற்குக் கடல்பக்கத்து அரைச்சுவருக்கு மேலே கிடுகுத் தட்டி கட்டுவித்தார். இனி அவள் பார்க்க ஒன்றும் இல்லை.

பார்க்க ஏலாதபோது அவள் கேட்கத் தொடங்கினாள். கழுத்தைச் சரித்து, பென்சிலைப் பிடித்தபடி, அசையாமல் இருப்பாள். முன்பு அரைவாசி எழுத்தாவது எழுதினவள் இப்போது ஒன்றும் எழுதவில்லை. ஒருநாள் முற்பகல் சத்தம் சந்தடி இல்லாமல் எழுந்து மேசைக்குக் கீழே போய் இருந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ரீச்சர் அவளை எழுப்பக் குனிந்தார். அப்போதுதான் எனக்கு ஹெலிச் சத்தம் கேட்டது. எல்லாரையும் குழிக்குள் இறக்கி முடிய அது எங்கள் ஓட்டுக்கு மேலால் போயிற்று. அன்று சுடவில்லை.

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுடைய கழுத்துச் சரிந்தால் மண்டபம் முழுவதும் வாயை மூடும். அதிபர்கூட அறை வாசலில் வந்து நின்று அவளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். தட்டியை அவிழ்த்து அவளைத் திரும்பவும் கடல்பக்கம் இருத்தச் சொன்னவரும் அவர்தான்.

சறோஜினிதேவி ரீச்சருக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. "மாஸ்ரர், அவளை நாய் மாதிரி வாசலில கட்டி வைச்சிருக்கிறம்" என்று என்னிடம் சொன்னார். அவர் இவ்வளவு கடுமையாகப் பேசுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இடைவேளையில் ரீச்சர் அவள் பக்கத்தில் வாங்கில் இருந்தார். நான் பலகைக்கு இந்தப் பக்கம் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசினது எல்லாம் கேட்டது.

"நான் படிப்பிக்கிறது விளங்குதோ பிள்ளை?"

"ஓம் ரீச்சர்."

"அப்ப ஏன் எழுதிறீர் இல்லை?"

அவள் கடலைப் பார்த்தபடியே சொன்னாள். "எழுதினால் பாக்க ஏலாது."

"கொஞ்ச நேரம் பாக்காமல் விட்டால் என்ன?"

"ஆள் மாறாமல் எழும்பக் கூடாது எண்டு அப்பா சொன்னவர்."

அது கடைக்காரரின் சட்டம். எங்கள் தீவாரின் எந்தக் கடையிலும் உண்டு. காசுமேசையில் இருக்கிறவர் வயிற்றுப்போக்கு என்றாலும் எழும்பக் கூடாது. அடுத்தவர் வந்து, "நான் இருக்கிறன்" என்று சொல்லி, கதிரையைப் பிடித்த பிறகுதான் எழும்பலாம். வெறும் கதிரை ஒரு நிமிசம் இருந்தாலும் கடை திறந்த வீடு. மச்சில் அந்தப் பிள்ளையை இருத்தும்போது தகப்பன் தனக்குத் தெரிந்த அதே பாசையில்தான் சொல்லியிருக்கிறார். பிறகு கடை எரிந்தது, ஓடினார்கள், கப்பல் ஏறினார்கள். ஊருக்கு வந்து மூன்று வருசமாகியும் "இனிப் போதும், எழும்பு" என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. புகழ்ந்தார்கள். புகழப் புகழ அவள் இன்னும் கவனமாகப் பார்த்தாள்.

எனக்கு அவளுடைய தாய் தகப்பன் மேலே வந்த கோபம் கொஞ்சமில்லை. ஆனால் சாகப்போகிறவன் கையில் அகப்பட்டதைத்தான் பிடிப்பான். அவர்களுக்கு அகப்பட்டது பிள்ளை.

அடுத்தநாள் காலை ரீச்சர் தன்னுடைய கைபிடிக் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். கடல்பக்க மூலையில், அவளுடைய வாங்குக்குப் பக்கத்தில், அரைச்சுவரைப் பார்த்தபடி போட்டார். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

"வதனி, இனி நான் இருக்கிறன். நீர் எழும்பும்" என்றார்.

பிள்ளை அவருடைய முகத்தைப் பார்த்தது. கதிரையைப் பார்த்தது. ரீச்சர் இரண்டு கைகளாலும் கதிரையின் கைகளைப் பிடித்து நன்றாகச் சாய்ந்து இருந்தார். அவள் மெதுவாக எழும்பினாள். வகுப்பின் நடுவில், பலகைக்கு நேரே, காலியாக இருந்த இடத்தில் போய் இருந்தாள். அன்று 'அம்மா' என்று முழுதாக எழுதினாள். நான் பலகை ஓரத்தால் எட்டிப் பார்த்தேன். என் வயதுக்கு அழக் கூடாது என்பதால் என் வகுப்பில் ஒருவனை ஏசினேன்.

அதன் பிறகு ரீச்சர் அந்தக் கதிரையிலிருந்துதான் படிப்பித்தார். பலகையை அவர் பக்கம் சரித்து வைத்தோம். ஒரு கண் பிள்ளைகளில், ஒரு கண் கடலில். பலகையில் எழுத வேண்டுமானால் என்னைக் கூப்பிடுவார். நான் போய்க் கதிரையில் இருந்த பிறகுதான் எழும்புவார். "நான் இருக்கிறன்" என்று நானும் சொல்வேன். வதனியின் காது அதைக் கேட்டு ஆறும். இடைவேளைக்கும் அவர் எழும்புவதில்லை. பிள்ளைகள் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

பிள்ளை தேறியது. தேறியது என்றால் சும்மா இல்லை, காய்ந்த மாடு கம்பில் விழுந்தது போலத்தான். வாசிப்புப் புத்தகத்தில் பாதியை ஒரு மாதத்துக்குள் முடித்தாள். வாய்ப்பாட்டில் என் வகுப்புப் பொடியனைத் திருத்தினாள். தாய் வந்து, நூல்தான் வேலை செய்திருக்கிறது என்று கோயிலுக்குப் பொங்கல் வைத்தாள். ரீச்சர் மறுத்துப் பேசவில்லை.

ஆனால் ரீச்சரின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருப்பது என்று சொல்கிறோமே, அதைச் செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். பாதி வசனத்தில் நிற்பார். கடல் பறவை பறந்தால் திடுக்கிடுவார். ஒருநாள் கேட்டேன், "ரீச்சர், வீட்டிலயாவது நித்திரை கொள்ளுறீங்களோ?"

"படுக்கிறன். கண் மூடினால் கதிரையில ஆரும் இருக்கினமோ எண்டு முழிப்பு வருது" என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. இன்னொன்றும் பிடிக்கவில்லை, அதை வெளியே சொல்லவும் வெட்கமாக இருந்தது. முன்பு வதனி காவல் இருந்தபோது குழிக்குள் இறங்க எங்களுக்கு எப்போதும் நேரம் கிடைத்தது. ரீச்சருக்கு நாற்பது வயது, கண்ணாடி போட்டவர், காதும் என்னுடையதைப் போல வாய்ப்பாட்டில் செவிடானது. அந்தப் பிள்ளைக்குக் கேட்டது எங்கள் ஒருவருக்கும் கேட்காது. ஒருமுறை படகு சுட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வெடி கரையில் விழுந்தது, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அதிபர் மட்டும் வாசலில் நின்று நடுவாங்கில் எழுதிக்கொண்டிருந்த வதனியை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பிறகு சோளகக் காற்று பலத்தது. அந்தக் காற்றில் பனைகள் பகல் முழுவதும் இரையும். சத்தம் பிந்தித்தான் வரும், வந்தாலும் பனையா, வேறெதுவா என்று தெரியாது. நான் என் வகுப்புக்கு வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டேன். எழுதுங்கள் என்றேன். ரீச்சர் கழுத்தை நீட்டிக்கொண்டே இருந்தார்.

அது நடந்த அன்று கடலில் ஒன்றும் இல்லை. அதை நான் நிச்சயமாகச் சொல்வேன், நானும் பார்த்தேன். பத்துமணிக்கு மணி அடித்து முடிந்திருந்தது. வதனி கொப்பியோடு எழுந்து வந்தாள். ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்தாள். பார்த்து எழுதினது இல்லை. தானாகவே, தங்கள் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. கதிரைக்குப் பக்கத்தில் நின்று உரத்து வாசிக்கத் தொடங்கினாள். ஆட்டுக்குட்டி தாயின் சேலையைத் தின்ற இடம் வந்தபோது வகுப்பு சிரித்தது. நானும் பலகைக்கு இந்தப் பக்கம் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தப் பிள்ளை சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

ரீச்சர் எழும்பினார். சந்தோசம் தாங்கவில்லை, வேறொன்றும் இல்லை. எழும்பி, அவளைக் கட்டிப் பிடித்து, நெற்றியில் கொஞ்சினார். கொப்பியை வாங்கி மற்றப் பிள்ளைகளுக்குக் காட்ட இரண்டடி நடந்தார். என்னைக் கூப்பிடவில்லை.

வதனி கதிரையைப் பார்த்தாள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு அப்படியே வற்றிப்போயிற்று. வாயைத் திறந்தாள், அதற்குள் ஓடுகள் உடைந்தன.

ஹெலி கடல்பக்கமிருந்து வரவில்லை. பின்னால், பனங்காட்டுக்கு மேலால், காற்றுக்குள் மறைந்து வந்தது. ரீச்சர் கதிரையில் இருந்திருந்தாலும் கண்டிருக்க மாட்டார். இதை நான் பிறகு எத்தனையோ பேருக்குச் சொன்னேன். கேட்க வேண்டிய வதனி அதைக் காதில் போடவில்லை.

எங்கும் தூசி. பிள்ளைகள் மேசைக்குக் கீழே. என் வகுப்பு எமிலியானுஸ் மட்டும் வாங்கிலேயே இருந்து தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை. என் சால்வையால் கட்டி, உழவுமெசினில் ஏற்றி ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தப்பினான். அந்தக் கை பிறகு மடியவில்லை.

பள்ளிக்கூடத்தைச் சில நாள் மூடித் திரும்பத் திறந்தார்கள். உடைந்த ஓட்டுக்குள்ளால் வெயில் விழுந்துகொண்டிருந்தது. நான் வரும்போது வதனி முதலே வந்திருந்தாள். ரீச்சரின் கைபிடிக் கதிரையில் இருந்தாள். கால் நிலத்தில் முட்டவில்லை. கதிரையை அவளே இழுத்து மூலைக்குக் குறுக்காகப் போட்டிருந்தாள், கடலும் தெரியும், பின்பக்கப் பனைகளும் தெரியும். எங்கள் ஒருவருக்கும் அந்தப் புத்தி வரவில்லை.

ரீச்சர் வந்தார். கிட்டப் போய், குனிந்து, "எழும்பும் பிள்ளை. நான் இருக்கிறன்" என்றார்.

அவள் எழும்பவில்லை.

"இனி ஒருநாளும் எழும்ப மாட்டன். சத்தியமாச் சொல்லுறன், வதனி."

அவள் ரீச்சரின் கையை மெல்லத் தடவினாள். பெரியவர்கள் சின்னப் பிள்ளையைத் தேற்றுவதுபோல இருந்தது. "பரவாயில்லை ரீச்சர். நீங்கள் போய்ப் படிப்பியுங்கோ" என்றாள். கண் பனைகளில் இருந்தது.

தாயைக் கூப்பிட்டு அனுப்பினோம். கமலாதேவி குடையும் இல்லாமல் ஓடி வந்தாள். "எழும்படி, எழும்பு. கடையும் இல்லை, மச்சும் இல்லை. நான்தான் அண்டைக்கு இருத்தினனான், நான் சொல்லுறன் எழும்பு" என்று கையைப் பிடித்து இழுத்தாள். மூன்று வருசத்துக்கு முன் சொல்ல வேண்டியதை அப்போதுதான் சொன்னாள். பிள்ளை இரண்டு கைகளாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டது.

அதிபர் அறையிலிருந்து வந்தார். "விடுங்கோ தங்கச்சி. பிள்ளை விருப்பப்பட்டு இருக்குது, இருக்கட்டும்" என்றார்.

"அவளுக்கு ஏழு வயசு சேர்" என்றார் சறோஜினிதேவி ரீச்சர்.

"எனக்கு இந்த மண்டபத்தில நூத்துச் சொச்சம் பிள்ளையள் ரீச்சர்."

"அப்ப உங்கட பேத்தியைக் கொண்டுவந்து இருத்துங்கோ" என்று நான் கத்தினேன். வாழ்க்கையில் ஒரு அதிபரோடு நான் அப்படிப் பேசினது அன்றுதான். அவர் கோபிக்கவில்லை. கீழே பார்த்தார். தாய் அரைச்சுவரைப் பிடித்து நின்று அழுதாள். ரீச்சர் வெண்கட்டியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார், வேறு என்ன செய்வது.

நான் என் வகுப்புக்குத் திரும்பினேன். பயந்துபோன பிள்ளைகள், இன்றைக்கு ஒரு கணக்கும் செய்ய மாட்டார்கள் என்று நினைத்தேன். எமிலியானுசின் இடம் வெறுமையாகக் கிடந்தது. ஒவ்வொருவனாகப் பலகை ஓரத்தால் எட்டிப் பார்த்தான். கதிரையில் வதனி இருப்பதைக் கண்டான். கண்ட பிறகு தலையைக் குனிந்து கொப்பியைத் திறந்தான். அன்று நான் கொடுத்த கணக்குகளை என் வகுப்பு முழுவதும் ஒரு தலை நிமிராமல் செய்து முடித்தது. அப்படிக் கவனமாக அவர்கள் என்னிடம் படித்ததே இல்லை. பலகைக்கு அந்தப் பக்கமும் எழுதுகிற சத்தம் மட்டும் கேட்டது. மணி அடிக்கும்வரை எழுதாமல் இருந்தது அவள் ஒருத்திதான்.